சென்சார் காட்டும் சர்க்கரை அளவில் சந்தேகம் வந்தால் எப்படிச் சரிபார்ப்பது?

கையில் ஒட்டியிருக்கும் சென்சார் 58 (டெசிலிட்டருக்கு மி.கி.) என்று காட்டுகிறது. உடம்பில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. இன்னொரு நாள் திரையில் 140 என்று இருக்கிறது. ஆனால் கை நடுங்குகிறது, நெற்றி வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது. தொடர் குளுக்கோஸ் கண்காணிப்புக் கருவியை, அதாவது சிஜிஎம்மைப் பயன்படுத்துகிறவர்கள் பெரும்பாலோருக்கு இந்த இரண்டு நிலைமைகளும் எப்போதாவது நேரும். இரண்டிலும் முதல் வேலை ஒன்றுதான்: விரல் நுனியில் குத்தி, குளுக்கோமீட்டரில் பார்க்க வேண்டும். சென்சார் ஏன் அப்படிக் காட்டியது என்ற ஆராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது நிலைமை அதிக ஆபத்தானது. தாழ்சர்க்கரையின் அறிகுறிகள் தெளிவாக இருந்து, மீட்டர் உடனே கைக்கு எட்டவில்லை என்றால், திரையில் எந்த எண் இருந்தாலும் அதைத் தாழ்சர்க்கரையாகவே கருதி 15 கிராம் அளவுக்கு விரைவில் உறிஞ்சப்படும் சர்க்கரையை எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. முதல் நிலைமையிலும் “எனக்கு ஒன்றும் செய்யவில்லை, சென்சார்தான் தவறு” என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. பல ஆண்டுகளாக நீரிழிவோடு வாழ்பவர்களில் சிலருக்குச் சர்க்கரை நன்றாக இறங்கிய பின்னும் அறிகுறி தெரியாமல் போகும். அவர்களுக்கு அந்த 58 உண்மையாகவே இருக்கக்கூடும்.

வித்தியாசம் எல்லாம் பிழை ஆகாது

சிஜிஎம் இரத்தத்தில் உள்ள குளுக்கோஸை நேரடியாக அளப்பதில்லை. தோலுக்கு அடியில் நுழைந்திருக்கும் மெல்லிய இழை, செல்களுக்கு இடையே உள்ள திசுநீரில் இருக்கும் குளுக்கோஸை அளக்கிறது. பெரும்பாலான கருவிகளில் அந்த இழையின் மீது ஒரு நொதி பூசப்பட்டிருக்கும். அது குளுக்கோஸோடு வினைபுரியும்போது உண்டாகும் மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கருவி எண்ணாக மாற்றித் திரைக்கு அனுப்புகிறது. இரத்தத்தில் ஏற்படும் மாற்றம் திசுநீருக்குப் பரவ நேரம் பிடிக்கும் என்பதாலும், கருவியின் கணக்கீட்டுக்கும் கொஞ்சம் நேரம் ஆகும் என்பதாலும், சென்சார் காட்டும் எண் இரத்த அளவை விட ஏறக்குறைய 5 முதல் 15 நிமிடம் பின்தங்கியே இருக்கும்.

சர்க்கரை சீராக இருக்கும்போது இந்தத் தாமதம் நமக்குத் தெரியாது. வேகமாக ஏறும்போதோ இறங்கும்போதோதான் தெரியும். சாப்பிட்ட பிறகு நிமிடத்துக்கு 3 மி.கி. வீதம் ஏறிக்கொண்டிருக்கிறது, தாமதம் 10 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், வித்தியாசம் 30 மி.கி. ஆகிவிடும்: மீட்டர் 190 காட்டும், அதே நொடியில் சென்சார் 160 காட்டும். இரண்டு கருவிகளும் தத்தம் வேலையைச் சரியாகவே செய்திருக்கின்றன. இறங்கும்போது இதுவே தலைகீழாகும். இரத்தத்தில் 70 ஆகிவிட்ட பிறகும் சென்சார் 90 என்று காட்டிக்கொண்டிருக்கலாம். உடற்பயிற்சியின் போது பலர் ஏமாந்துபோவது இங்கேதான்.

தாழ்சர்க்கரைக்கு ஏதாவது சாப்பிட்ட பிறகு இந்தத் தாமதம் வேறொரு வகையில் தொல்லை தருகிறது. 15 நிமிடம் கழித்துப் பார்த்தால் சென்சார் இன்னும் 62 என்றே காட்டும். இரத்தத்தில் அதற்குள் 95 ஆகியிருக்கும். பயத்தில் மறுபடி சர்க்கரை எடுத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் அளவு 200-ஐத் தாண்டி நிற்கும். எனவே தாழ்சர்க்கரைக்குச் சிகிச்சை எடுத்த பின் செய்யும் மறுபரிசோதனையை மட்டுமாவது விரல் நுனியில் செய்யுங்கள் என்பது என் உறுதியான பரிந்துரை.

எவ்வளவு வித்தியாசத்தை ஏற்கலாம்? பரவலாகப் பின்பற்றப்படும் ஒரு கணக்கு உண்டு. மீட்டர் அளவு 80-க்கு மேல் இருந்தால் சென்சார் அதிலிருந்து 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருந்தால் 20 மி.கி.க்குள் இருக்க வேண்டும். மீட்டர் 180, சென்சார் 155 என்றால் வித்தியாசம் சுமார் 14 சதவீதம்தான், கவலைப்பட ஒன்றுமில்லை. மீட்டர் 180, சென்சார் 120 என்றால் வித்தியாசம் 33 சதவீதம். அதைக் கவனிக்க வேண்டும். மீட்டரும் பிழையே இல்லாத கருவி ஆகிவிடாது. ஐஎஸ்ஓ 15197 என்ற பன்னாட்டுத் தரம், 100-க்கும் அதற்கு மேற்பட்ட அளவுகளிலும் 15 சதவீதம் வரை, 100-க்குக் கீழே 15 மி.கி. வரை விலகலை அனுமதிக்கிறது. அதுவும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவீடுகளுக்குத்தான். உண்மை அளவு 200 ஆக இருக்கும்போது ஒரு மீட்டர் 175-ம் இன்னொன்று 225-ம் காட்டினாலும் இரண்டும் தரத்துக்கு உட்பட்டவையே.

நியாயமாக ஒப்பிடுவது எப்படி

சென்சார் மீது வரும் புகார்களில் கணிசமான பங்கு, ஒப்பிட்ட விதத்தில் இருந்த கோளாறு என்றே நான் நினைக்கிறேன். அதனால் இந்தப் பகுதியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நேரம். திரையில் அம்புக்குறி படுக்கையாக, அதாவது சர்க்கரை நிலையாக இருப்பதைக் காட்டும்போது மட்டும் ஒப்பிட வேண்டும். சாப்பாட்டுக்கு முன்போ, சாப்பிட்டும் விரைவாக வேலை செய்யும் இன்சுலின் போட்டும் மூன்று மணி நேரமாவது கடந்த பின்போ பார்ப்பது நல்லது. அம்புக்குறி மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ இருக்கும்போது எடுத்த இரண்டு எண்களைக் கொண்டு சென்சாரின் தரத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

அடுத்தது கை. சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகே குத்த வேண்டும். பழத்தை நறுக்கிய விரலிலோ இனிப்பைத் தொட்ட விரலிலோ ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத சர்க்கரை, ஒரு துளி இரத்தத்தில் கலந்தால் மீட்டர் எண் மிக அதிகமாக உயர்ந்துவிடும். தாழ்சர்க்கரைக்கு இனிப்பைச் சாப்பிட்ட கையோடு மறுபரிசோதனை செய்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது. கைக்குத் தடவும் சானிடைசர் கழுவுவதற்கு ஈடாகாது. விரல் ஈரமாக இருந்தால் இரத்தம் நீர்த்துப்போய் எண் குறையலாம். கழுவ வழியே இல்லாத இடத்தில் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியைப் பயன்படுத்தலாம். இரத்தம் வரவில்லை என்று விரலைப் பலமாகப் பிழியவும் கூடாது. கையைக் கீழே தொங்கவிட்டு, வெதுவெதுப்பாக்கிக்கொண்டால் போதும்.

பிறகு ஸ்ட்ரிப், அதாவது மீட்டரில் செருகும் சோதனைப் பட்டை. காலாவதித் தேதியைப் பாருங்கள். டப்பாவின் மூடி திறந்தே கிடந்ததா, ஈரமான குளியலறையிலோ வெயிலில் நின்ற வண்டியிலோ அது இருந்ததா என்று யோசியுங்கள். சந்தேகம் இருந்தால் புதிய டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் பார்க்கலாம், அல்லது அந்த மீட்டருக்கென்று விற்கப்படும் சோதனைக் கரைசலைக் கொண்டு சரிபார்க்கலாம். இரத்தசோகை உள்ளவர்களுக்குப் பல மீட்டர்கள் உண்மையை விட அதிகமாகக் காட்டும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

எண்கள் இரண்டையும் நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். மீட்டர் அளவை அதே நிமிடத்துச் சென்சார் எண்ணோடு ஒப்பிடுவதோடு, ஏறக்குறைய 10 நிமிடம் கழித்துச் சென்சார் காட்டும் எண்ணோடும் ஒப்பிட்டால், தாமதத்தின் பங்கு எவ்வளவு என்பது தானாகவே புலப்படும். ஒரே ஒரு ஒப்பீட்டை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். வெவ்வேறு நேரங்களில் இரண்டு மூன்று முறை பார்த்து, விலகல் எப்போதும் ஒரே திசையில் இருக்கிறதா, ஒருமுறை மேலே ஒருமுறை கீழே என்று தாறுமாறாக இருக்கிறதா என்று கவனியுங்கள். எப்போதும் ஒரே திசையில் விலகும் சென்சாரைச் சில கருவிகளில் திருத்திக்கொள்ள முடியும். தாறுமாறாக ஓடுவதை நம்ப முடியாது.

முதல் நாள்

புதிய சென்சாரைப் பொருத்தும்போது தோலுக்கு அடியில் ஒரு சிறிய காயம் ஏற்படுகிறது. அந்த இடத்தில் உண்டாகும் அழற்சி அடங்கும் வரை, அங்கே உள்ள குளுக்கோஸ் அளவு உடம்பின் மற்ற பகுதிகளைப் பிரதிபலிக்காமல் இருக்கலாம். கருவி தயாராவதற்கான நேரம் மாதிரிக்கு மாதிரி மாறும்: ஃப்ரீஸ்டைல் லிப்ரே வகைகளுக்கு ஒரு மணி நேரம், டெக்ஸ்காம் ஜி6-க்கு இரண்டு மணி நேரம், ஜி7-க்கு சுமார் அரை மணி நேரம். அந்த நேரம் முடிந்து எண் தெரியத் தொடங்கியதாலேயே துல்லியம் முழுமையாக வந்துவிட்டது என்று பொருள் கொள்ளக் கூடாது. முதல் 24 மணி நேரத்தில் இன்சுலின் அளவைத் தீர்மானிக்கும் முன் விரல் நுனியிலும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

இதே காரணத்தால், படுக்கப் போகும் நேரத்தில் சென்சார் மாற்றுவதைத் தவிர்க்கலாம். பகலில் மாற்றினால், கருவி நம்பகம் குறைந்திருக்கும் மணி நேரங்களில் நீங்கள் விழித்திருப்பீர்கள்.

இரவில் திடீரென்று விழும் கோடு

நள்ளிரவில் அலாரம் அடிக்கிறது. வரைபடத்தில் 120 அருகே அமைதியாகப் போய்க்கொண்டிருந்த கோடு சில நிமிடங்களில் செங்குத்தாக 55-க்கு விழுந்திருக்கிறது. எழுந்து உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் அதே வேகத்தில் மேலே ஏறிப் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. சென்சார் இருக்கும் கையின் மீது ஒருக்களித்துப் படுத்திருந்தீர்கள் என்றால் காரணம் பெரும்பாலும் அந்த அழுத்தமே. அழுத்தத்தால் அந்த இடத்துக்கு வரும் இரத்த ஓட்டமும் திசுநீரும் குறைகின்றன. அங்கே இருக்கும் குளுக்கோஸ் தீர்ந்துபோகிறது. சென்சார் தன்னைச் சுற்றி இருப்பதைத்தான் சொல்கிறது.

உண்மையான தாழ்சர்க்கரை பெரும்பாலும் சரிவாக இறங்கும். சாப்பிட்ட பிறகே மெதுவாக ஏறும். அழுத்தத்தால் வரும் போலித் தாழ்வு வெட்டினாற்போல் இறங்கி, புரண்டு படுத்ததும் 15 முதல் 20 நிமிடத்துக்குள் தானாகவே மேலே வந்துவிடும். ஆனால் இந்த வேறுபாடு காலையில் வரைபடத்தைப் பார்த்துக் காரணம் அறிவதற்குப் பயன்படும். இரவில் அலாரம் அடித்த நொடியில் வரைபடத்தின் வடிவத்தை மட்டும் நம்பி மறுபடி தூங்கிவிட வேண்டாம். விரலைக் குத்திப் பாருங்கள். அளவு நன்றாக இருந்தால் புரண்டு படுங்கள்.

தானாக இன்சுலின் செலுத்தும் பம்ப்பைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதில் கூடுதலான சிக்கல் ஒன்று இருக்கிறது. போலித் தாழ்வை உண்மை என்று எடுத்துக்கொண்டு பம்ப் இன்சுலினை நிறுத்திவிடும். விடிகாலையில் சர்க்கரை உயர்ந்து நிற்கும். அதற்கான காரணத்தை இரவுச் சாப்பாட்டில் தேடிக்கொண்டிருப்போம். அடிக்கடி இப்படி நடந்தால், எந்தப் பக்கம் படுத்துத் தூங்குகிறீர்களோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் அடுத்த சென்சாரைப் பொருத்துவதே எளிய தீர்வு. இறுக்கமான சட்டைக்கையும், தோளில் மாட்டும் பையின் வாரும்கூட இதே வேலையைப் பகலில் செய்யும்.

பொருத்திய இடமும் ஒட்டுப்பட்டையும்

ஒவ்வொரு கருவிக்கும் எந்த இடத்தில் பொருத்தலாம் என்று சோதித்து அனுமதி பெற்றிருக்கிறார்கள். மேற்கையின் பின்புறம் பல கருவிகளுக்குப் பொதுவானது. வேறு இடங்களில் பொருத்திப் பார்ப்பவர்கள் உண்டு. அங்கே கிடைக்கும் துல்லியத்துக்கு உத்தரவாதம் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டே அதைச் செய்ய வேண்டும். தழும்பு, மச்சம் உள்ள இடங்களையும், அடிக்கடி இன்சுலின் போட்டுத் தடித்துக் கட்டியாகிப்போன இடங்களையும் தவிர்க்க வேண்டும். அப்படித் தடித்த கொழுப்புத் திசுவில் குளுக்கோஸின் போக்குவரத்து சீராக இருக்காது. இன்சுலின் போடும் இடத்துக்கும் சென்சாருக்கும் இடையே விட வேண்டிய தூரம் கையேட்டில் இருக்கும். 7 அல்லது 8 சென்டிமீட்டர் விட்டுவிட்டால் பெரும்பாலான கருவிகளுக்குப் போதுமானது.

பொருத்திய உடனே சிறிது இரத்தம் கசிவது அரிதான விஷயம் அல்ல. சில சமயம் அது நின்ற பிறகு சென்சார் நன்றாகவே வேலை செய்யும். தொடர்ந்து கசிந்தாலோ, அந்த இடம் வீங்கி வலித்தாலோ, எண்கள் உண்மையை விடத் தாழ்ந்தே இருந்தாலோ அதை எடுத்துவிடுவது மேல். ஒட்டின் ஓரம் எழும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். கதவில் இடித்துக்கொண்டபோது இழை பாதி வெளியே வந்திருக்கும். மேலே இருந்து பார்க்கத் தெரியாது. அதை அழுத்தி உள்ளே தள்ள முயலக் கூடாது. பொருத்தும் முன் தோலைச் சுத்தம் செய்து முழுவதும் உலரவிட வேண்டும். லோஷனோ எண்ணெயோ இருந்தால் ஒட்டு பிடிக்காது. மேலே கூடுதல் ஒட்டு போடுகிறவர்கள், தம் சென்சாரின் நடுவில் காற்றுத் துளை இருந்தால் அதை மூடாமல் விட வேண்டும்.

மருந்துகள்

குளுக்கோஸைப் போலவே வேறு சில பொருள்களும் சென்சாரின் மின்முனையில் வினைபுரியும். அப்போது எண் பொய்யாக உயரும். இதை நான் முக்கியமாகக் கருதுவதற்குக் காரணம், பிழையின் திசைதான்: பொய்யாக உயர்ந்த எண்ணைப் பார்த்து இன்சுலின் கூட்டினால், அல்லது உண்மையான தாழ்வு அந்த உயரத்துக்குள் மறைந்துபோனால், விளைவு கடுமையாக இருக்கும்.

லிப்ரே 2 சென்சாரில் நாளுக்கு 500 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் எண் உயரக்கூடும் என்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். சளிக்காக வாங்கும் கரையும் மாத்திரைகள் சிலவற்றில் ஒன்றிலேயே 1000 மி.கி. இருக்கும். பாராசிட்டமால் பழைய டெக்ஸ்காம் மாதிரிகளிலும் மெட்ரானிக்கின் கார்டியன் சென்சார்களிலும் எண்ணை உயர்த்தும்; டெக்ஸ்காம் ஜி6, ஜி7 கருவிகளில் பெரியவர்கள் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராம் வரை எடுத்துக்கொள்ளலாம். இரத்த நோய்கள் சிலவற்றுக்குக் கொடுக்கப்படும் ஹைட்ராக்ஸியூரியா மருந்து டெக்ஸ்காம், மெட்ரானிக் சென்சார்களில் எண்ணைப் பெரிதும் உயர்த்திவிடும். அந்த மருந்தை எடுப்பவர்கள் எந்தச் சென்சார் தமக்குப் பொருந்தும் என்று மருத்துவரோடு பேசியே முடிவு செய்ய வேண்டும். சென்சாருக்காக எந்த மருந்தையும் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மருந்து எடுக்கும் நாள்களில் விரல் நுனிப் பரிசோதனைக்குத் திரும்பினால் போதும்.

வாந்தி, வயிற்றுப்போக்கால் உடம்பில் நீர் வற்றியிருக்கும்போதும் சென்சாரை முழுமையாக நம்ப வேண்டாம். அத்தகைய நாள்களில் மீட்டரோடு கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள்) பரிசோதனையும் தேவைப்படலாம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் தம் கருவி அந்த நிலைக்கு அனுமதிக்கப்பட்டதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன் எடுப்பதற்கு முன்பும் கையேட்டைப் பாருங்கள், ஏனெனில் பல சென்சார்களை அதற்கு முன் கழற்ற வேண்டியிருக்கும்.

அளவுத்திருத்தம் செய்யலாமா?

கேலிபரேஷன் எனப்படும் அளவுத்திருத்தத்தைப் பயனாளர் செய்ய எல்லாக் கருவிகளும் இடம் கொடுப்பதில்லை. லிப்ரே வகைகள் தொழிற்சாலையிலேயே திருத்தப்பட்டு வருகின்றன. செயலியில் எண் கொடுத்து மாற்ற வழியில்லை. டெக்ஸ்காம் ஜி6, ஜி7 போன்றவற்றில் விரும்பினால் செய்யலாம்.

செய்ய வேண்டுமானால், மேலே சொன்ன நியாயமான ஒப்பீட்டின் எல்லா நிபந்தனைகளும் இங்கே இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். சர்க்கரை ஏறும்போது திருத்தினால், சாதாரணத் தாமதத்தைப் பிழை என்று கருவிக்குக் கற்றுக்கொடுத்தவர்களாவோம்; அதன் பிறகு அடுத்த பல மணி நேரம் அது உண்மையாகவே தவறாகக் காட்டும். முதல் நாளில், அழுத்தத் தாழ்வின் நடுவில், தாழ்சர்க்கரைக்குச் சாப்பிட்ட சற்று நேரத்தில் திருத்தவே கூடாது. ஒருமுறை திருத்திய பிறகு எண் உடனே மாறவில்லை என்று திரும்பத் திரும்ப எண்களைக் கொடுப்பதும் குழப்பத்தையே கூட்டும். மீட்டர் எண்ணை எடுத்த சில நிமிடங்களுக்குள், காட்டியபடியே பதிவு செய்யுங்கள். மீட்டரும் செயலியும் ஒரே அலகில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள், ஏனெனில் லிட்டருக்கு ஒரு மில்லிமோல் என்பது டெசிலிட்டருக்கு 18 மி.கி.க்குச் சமம். சென்சாரை நம்பி இன்சுலின் செலுத்தும் பம்ப் இருந்தால், அவசரத்தில் கொடுத்த ஒரு தவறான எண் நேரடியாக இன்சுலின் அளவாகவே மாறிவிடும்.

ஹெச்பிஏ1சியோடு ஒத்துப்போகாவிட்டால்

சென்சாரின் சராசரியை வைத்துச் செயலி கணக்கிடும் ஜிஎம்ஐ என்ற மதிப்பும், சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஆய்வகப் பரிசோதனையான ஹெச்பிஏ1சியும் சற்று வேறுபடுவது வழக்கமே. ஹெச்பிஏ1சி சிவப்பணுக்களின் ஆயுளைப் பொறுத்தது. இரத்தசோகை, சிறுநீரக நோய், அண்மையில் ஏற்றிய இரத்தம் ஆகியவை அதை மாற்றும். இந்த வேறுபாட்டை மட்டும் கொண்டு சென்சார் பழுது என்று சொல்லிவிட முடியாது.

எப்போது கழற்றுவது?

முதல் நாள் கடந்த பிறகு, நிலையான நேரத்தில், கழுவிய கையோடு, நல்ல ஸ்ட்ரிப்பில் எடுத்த இரண்டு மூன்று ஒப்பீடுகளிலும் விலகல் 20 சதவீத எல்லையைத் தாண்டினால், அந்தச் சென்சாரை வைத்துக்கொண்டு போராடுவதில் பயனில்லை. கழற்றும் முன் மீட்டர் எண், சென்சார் எண், நேரம் மூன்றும் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். தொடர் எண்ணும் தொகுதி எண்ணும் அச்சிட்ட பெட்டியைச் சென்சாரின் காலம் முடியும் வரை எறியாமல் வைத்திருக்க வேண்டும். இந்த விவரங்களோடு தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் சேவையை அழைத்தால், பழுதான சென்சாருக்கு மாற்று கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆய்வுக்காகப் பழையதைத் திருப்பி அனுப்பச் சொல்லலாம் என்பதால் அதையும் வைத்திருங்கள். கழற்றியதும் இழையைப் பாருங்கள்: மடங்கியிருக்கிறதா, இரத்தம் உறைந்திருக்கிறதா, முழு நீளமும் வந்திருக்கிறதா? தோலுக்குள் துண்டு தங்கிவிட்டதாகத் தோன்றினாலோ, அந்த இடம் சிவந்து சீழ் வைத்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்த சென்சார் வந்து, அதன் முதல் நாள் கடக்கும் வரை மீட்டரே வழி. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் முன்பும், படுக்கும் முன்பும், வண்டி ஓட்டும் முன்பும், உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் விரல் நுனியில் பாருங்கள். இன்சுலின் எடுப்பவர்கள் தாழ்சர்க்கரை அலாரம் இல்லாத அந்த இரவுகளில் நடுவே ஒருமுறை எழுந்து பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடமோ நீரிழிவுச் செவிலியரிடமோ முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பம்ப் இருந்தால் அதை எந்த அமைப்புக்கு மாற்றுவது என்பதையும் அதே பேச்சில் கேட்டுவிடலாம்.